பதினேழு வீட்டைப் பூட்டிய தம்பி

ஜெபக்கூட்டத்தில் ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபித்துக்கொண்டு வரும்போது, தம்பியின் முறை வந்துவிட்டால் எல்லோரும் அடுத்த ஆளுக்குத் தயாராகிவிடுவார்கள். அவனுடைய ஜெபம் அவ்வளவு சின்னது. "ஆண்டவரே, உமக்குத் தெரியாததா? ஆமென்." அவ்வளவுதான். பக்கத்தில் உட்காரும் அக்கா அதற்கு நேர்மாறு. காய்ச்சல்காரர்கள், பிரயாணம் போகிறவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள், ஆஸ்பத்திரியில் எந்த வார்டில் எத்தனை பேர் என்பது வரை ஒன்று விடாமல் சொல்லி முடிக்க அவளுக்குக் கால் மணி நேரம் வேண்டும். "வீட்டுக்கு ஒதுக்கின நேரத்தையெல்லாம் அக்காவே எடுத்துக்கிட்டா, பாவம் தம்பி ஆமென் சொல்றதைத் தவிர என்ன பண்ணுவார்?" என்று போதகரே ஒருநாள் கேலி செய்தார். அன்றிலிருந்து சபையில் அவனுக்கு 'ஆமென்' என்றே பேர் விழுந்துவிட்டது.

பூட்டு ரிப்பேர் அவன் தொழில். கடை நாலடி அகலம். ஒரு பக்கம் கடிகாரம் பழுதுபார்ப்பவரின் கடை, மறுபக்கம் மாடிப்படி. உள்ளே சாவி வெட்டும் மிஷின், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், பதினோரு அரம், ஆணிகளில் கொத்துக் கொத்தாக வெட்டாத சாவிகள். இரண்டு பேர் உள்ளே நின்றால் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூட்டிய வீட்டைத் திறந்துகொடுக்க யார் கூப்பிட்டாலும் போவான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சாட்சிக்கு வந்து நிற்காமல் கம்பியை உள்ளே விடமாட்டான். ஒருதடவை ஒரு வங்கி அதிகாரியை அவர் வீட்டு வாசலிலேயே முக்கால் மணி நேரம் மழையில் நிற்க வைத்திருக்கிறான். "இது என் வீடுய்யா!" என்று அவர் கத்தினார். "இருக்கலாம் சார். எனக்கு எப்படித் தெரியும்?" என்று பணிவாகச் சொல்லிவிட்டுத் தன் குடையை அவரிடம் நீட்டினான். இந்தக் கதையை அக்கா சொல்லிச் சொல்லிச் சபையில் கேட்காதவர் இல்லை. தம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவளுக்கு வாய் ஓயாது.

அக்காவுக்கு அவனைவிட ஆறு வயது அதிகம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கணவர் காலமான பிறகு தம்பி வீட்டுக்கே வந்துவிட்டாள். தம்பி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரியின் துணி அறையில் அவளுக்கு வேலை. சலவையிலிருந்து வரும் விரிப்புகளையும் துவாலைகளையும் எண்ணி, கிழிந்ததைப் பிரித்து, அழியாத மையில் வார்டு எண் போட்டு, மூலைக்கு மூலை சரியாக மடித்து அடுக்குவாள். அவள் அடுக்கிய அலமாரியில் ஓர் ஓரம் கூட வெளியே நீட்டிக்கொண்டு நிற்காது. துணி எண்ணிக்கையில் அவள் பிசகியதாகச் சரித்திரமே இல்லை. அந்த விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தம்பியின் கடைக்குப் போய் அவன் தடுக்கத் தடுக்கத் தூசு தட்டி அடுக்கிவிட்டு வருவாள்.

அந்த வருஷம் ஊர் இரண்டாகப் பிளந்தது. எதனால் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் ஒரு கட்சி, அந்தப் பக்கம் இருந்தவர்கள் இன்னொரு கட்சி. நேற்றுவரை ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவர்கள் திடீரென்று ஒருவரை ஒருவர் முறைக்க ஆரம்பித்தார்கள். கடைகள் எரிந்தன. ஒரு காலையில் தண்டவாளத்தை ஒட்டிய அந்தப் பக்கத் தெருவில், பாதுகாப்புக்கென்று போலீஸார் இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்து, பதினேழு வீட்டுக்காரர்களையும் லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் கதவுகளை உடைத்து, கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் இந்தப் பக்கத்து ஆட்கள்தான். ராணுவம் வந்து சோதனைச் சாவடி போட்டது அதற்கு மறுநாள். ஊரடங்கு வந்தது. காலை பத்திலிருந்து ஒரு மணி வரைதான் வெளியே நடமாடலாம்.

ஜெபக்கூட்டத்தையும் பதினொரு மணிக்கு மாற்றினார்கள். அந்தத் தெருக்காரர்களுக்காக எல்லோரும் கண்ணீரோடு ஜெபித்தார்கள். அக்கா அன்று இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டாள். திரும்பி வரும் வழியில் தம்பி தண்டவாளத்தருகே நின்றுவிட்டான்.

"அக்கா, அந்தச் சத்தம் கேக்குதா?"

"என்ன சத்தம்?"

"கதவு. காத்துல அடிச்சிக்குது."

கேட்டது. ஒன்று மாற்றி ஒன்றாக, தெரு முழுக்க.

"சரி, அதுக்கு என்ன பண்றது? வா, மணியாகுது."

"திறந்து கிடக்கிற கதவைப் பார்த்தா எனக்குப் பல் கூசுது அக்கா."

"அதான் ஜெபம் பண்ணினோமே."

"பண்ணினோம்," என்றான் தம்பி. "கதவு இன்னும் அடிச்சிக்கிட்டுத்தானே இருக்கு."

மறுநாள் பத்து மணி அடித்ததும் கடையிலிருந்து ஒரு பெட்டி பூட்டையும் கொண்டிகளையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். பெட்டியில் புதிய பூட்டுகள். வளையத்தை அழுத்தினால் 'டக்'கென்று தானே பூட்டிக்கொள்ளும் வகை. பூட்டுவதற்குச் சாவி வேண்டாம். ஒவ்வொரு பூட்டிலும் இரண்டு சாவிகள் கம்பியில் கோத்துத் தொங்கின. தனியாக விட அக்காவுக்கு மனம் வரவில்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

சாவடியில் ஒரு சிப்பாய் மறித்தான். "பெட்டியில என்ன?"

"பூட்டு."

"எதுக்கு?"

"அந்தத் தெருக் கதவையெல்லாம் பூட்டறதுக்கு."

"யார் சொல்லி?"

தம்பி யோசித்தான். "யாரும் சொல்லல சார். கதவு அடிச்சிக்கிட்டு இருந்துச்சு."

சிப்பாய் அவனையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். "நான் வந்த நாள்லேர்ந்து கதவை உடைக்க வந்தவனைப் பாத்திருக்கேன், எரிக்க வந்தவனைப் பாத்திருக்கேன். பூட்ட வந்தவர் நீங்கதான் முதல் ஆள்," என்று சொல்லிவிட்டுப் பேரை எழுதிக்கொண்டு வழிவிட்டான். "பன்னண்டே முக்காலுக்கு இங்க இருக்கணும். இல்லன்னா உங்களையும் சேத்துப் பூட்டிடுவேன்."

தம்பி ஒரு விதி வைத்துக்கொண்டான். வாசற்படியைத் தாண்டி உள்ளே போகக்கூடாது. வெளியே நின்றபடியே குடைக் கைப்பிடியால் கதவை இழுத்துச் சாத்தி, பிய்ந்த கொண்டியைக் கழற்றி, புதிதை முடுக்கி, பூட்டை மாட்டி அழுத்துவான். சாவிகளை அப்படியே அக்காவின் கையில் போடுவான். அவள் வீட்டு எண்ணையும் கதவின் நிறத்தையும் வாசலிலிருந்து கண்ணுக்குத் தெரிவதையும் நோட்டில் எழுதிக்கொள்வாள். 'நாலாம் வீடு. நீலக் கதவு. உள்ளே ஒரு மேசை, மேசை மேல் கத்தரிக்கோல். வேறொன்றும் தெரியவில்லை.' ஒரு வீட்டில் மூக்குக்கண்ணாடி தரையில் கிடந்தது. ஒரு வீட்டில் இரண்டு சின்னச் செருப்பில் ஒன்று மட்டும். அதை எழுதும்போது அவள் கை நின்று நின்று எழுதியது.

ஒன்பதாம் வீட்டில் மட்டும் விதி உடைந்தது. கதவின் அடியிலிருந்து தண்ணீர் படியில் வழிந்துகொண்டிருந்தது. உள்ளே எங்கோ குழாய் திறந்து கிடந்தது.

"நீயும் வா அக்கா. நான் மட்டும் போகமாட்டேன்," என்றான். செருப்பை வெளியே விட்டுவிட்டு இருவரும் சேர்ந்து போய், சமையலறைக் குழாயை மூடிவிட்டு, எதையும் தொடாமல் வந்த வழியே வந்தார்கள்.

மூன்று நாளில் பதினேழு வீடும் முடிந்தது. ஆஸ்பத்திரியில் கிழிந்துபோன விரிப்பு ஒன்றை, மேற்பார்வை நர்ஸிடம் கேட்டு வாங்கி, அக்கா நாடா நாடாவாகக் கத்தரித்தாள். ஒவ்வொரு நாடாவிலும் அழியாத மையில் வீட்டு எண்ணை எழுதி, சாவிகளில் முடிச்சுப் போட்டு, பிஸ்கட் டப்பாவில் வரிசையாக அடுக்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். முத்து முத்தான எண்கள். அதைப் பார்க்க அவளுக்கே பெருமையாக இருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? கடிகாரக்காரர் தம்பியின் கடைக்குள் தலையை நீட்டினார். "என்ன ஆமென், அந்தப் பக்கத்துக்காரங்களுக்கு இலவச சேவையாமே? திரும்பி வந்து உனக்கு மாலை போடுவாங்கன்னு நினைப்போ?"

"மாலை எதுக்குங்க? பூட்டைத் திருப்பிக் குடுத்தாப் போதும்."

"சிரிக்காதே. நம்ம ஆளுங்க உன்னைக் கண்டபடி திட்டறாங்க."

"தெரியும். ஒருத்தர் இங்கயே வந்து திட்டிட்டுப் போனார். சாவி ஒண்ணு வெட்டணும்னு வந்தார், நான் வெட்டி முடிக்கிற வரைக்கும் திட்டினார்."

ஏழு வாரம் போயிற்று. ஊர் மெல்ல மெல்லச் சூடு தணிந்தது. ஒரு வியாழக்கிழமை காலை போதகர் வந்து சொன்னார்: நாளைக்குப் பத்து மணிக்கு அந்தத் தெருக்காரர்களைப் பஸ்ஸில் கூட்டிவருகிறார்கள். சபையார் போய் வரவேற்க வேண்டும், சாவிகளைத் தம்பி கையாலேயே கொடுக்க வேண்டும். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இடையில் மழை பெய்திருந்ததால் பூட்டுகள் துருப்பிடித்து மக்கர் பண்ணுமோ என்று தம்பிக்குச் சந்தேகம். எண்ணெய்க் குப்பியோடு போனார்கள். இத்தனை நாளில் அந்தப் பூட்டுகளில் சாவி போட்டது அன்றுதான் முதல்முறை. அக்கா டப்பாவிலிருந்து சாவியை எடுத்துக் கொடுக்க, அவன் திறந்து, எண்ணெய் விட்டு, மறுபடி அழுத்திப் பூட்டினான். ஐந்தாம் வீட்டுப் பூட்டைத் திறந்தவன் கையில் இருந்த நாடாவைப் பார்த்தான்.

"அக்கா, இதுல ஆறுன்னு போட்டிருக்கு."

"இருக்காது. நான் அஞ்சுதான் குடுத்தேன்." வாங்கிப் பார்த்தாள். ஆறுதான். அவள் முகம் சிவந்துவிட்டது. "சரி, நாளைக்கு வரப்போறவங்க நினைப்புல கை மாறிப்போச்சு. கொண்டா இப்படி."

தம்பி கொடுக்கவில்லை. "கை மாறினது இருக்கட்டும். பூட்டு எப்படித் திறந்துச்சு?"

அவன் அதே சாவியை ஆறாம் வீட்டில் போட்டான். திறந்தது. ஏழாம் வீட்டில் போட்டான். திறந்தது. அதற்குமேல் நடக்கவில்லை, ஓடினான். பதினேழாம் வீட்டு வாசலில் திறந்த பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான்.

"கிடங்குக்காரர் பெட்டி," என்றான். "வாட்ச்மேன் ஒரு சாவியை மட்டும் இடுப்புல செருகிக்கணும், இருபது பூட்டும் அதுலயே திறக்கணும்னு கேட்டார். செஞ்சு வச்சேன். கலவரத்தோட முதல் நாளே கிடங்கு எரிஞ்சுபோச்சு. இது மத்த பெட்டியோட கலந்துடக்கூடாதுன்னு சிவப்பு நூல் சுத்தி வச்சிருந்தேனே. அந்த நூல் எங்க போச்சு?"

நூல் எங்கே போனதென்று அக்காவுக்குத் தெரியும். கலவரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கடையை அடுக்கும்போது, எண்ணெய்ப் பிசுக்கோடு தொங்கிய அந்த நூல் அவள் கண்ணை உறுத்தியது. கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டாள். பெட்டிகளை அளவு பார்த்து, அழகாக, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாள்.

"எலி கடிச்சிருக்கும்," என்றாள்.

அவள் துடைத்து வைக்கும் கடையில் எலி ஏது? தம்பி அவளை ஒரு பார்வை பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் அவள்தான் முதலில் பேசினாள். "இப்ப ஒண்ணும் சொல்ல வேண்டாம். நாளைக்குச் சாவியைக் குடுத்துடுவோம். அடுத்த வாரத்திலேர்ந்து ரெண்டு ரெண்டு வீடா போய், 'மழைல நனைஞ்ச பூட்டு, சரிபார்த்துத் தரேன்'னு வாங்கி உள்ளே மாத்திடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் என்ன?"

"அதுவரைக்கும் கதவைப் பூட்டிட்டோம்னு நினைச்சு அவங்க தூங்குவாங்க. உண்மையில பூட்டலையே அக்கா. அது நான் அவங்களை ஏமாத்தித் தூங்க வைக்கிற மாதிரி இல்ல?"

"அட மடையா! அவங்க வீட்டிலேர்ந்து சாமானெல்லாம் போயிருக்கு. பதினேழு வீட்டையும் திறக்கிற சாவி என்கிட்ட இருந்துச்சுன்னு நீயே போய் நின்னு சொன்னா, திருடன்னு சொல்லாம தீர்க்கதரிசின்னா சொல்வாங்க? போலீஸ் குடுத்த லைசன்ஸ் போயிடும். கடை போயிடும். இருபத்தெட்டு வருஷமா ஒரு கெட்ட பேர் இல்லாம இருந்தியே!"

"போனாப் போகுது," என்றான். ஆனால் அவன் கை சட்டைப்பையிலிருந்த கடைச் சாவியைத் தடவிக்கொண்டிருந்தது. அந்த நாலடிக் கடையைத் தவிர அவனுக்கு வேறு உலகம் கிடையாது.

அன்று மத்தியானம் அக்கா ஜெபிக்க முழங்காலில் நின்றாள். வழக்கமான பட்டியல் வரவில்லை. எலிதான் வந்தது.

வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்குப் பஸ்கள் வந்து நின்றன. மூட்டை முடிச்சுகளோடு அறுபது பேருக்கு மேல் இறங்கினார்கள். தங்கள் கதவுகளில் முன்பின் பார்த்திராத பூட்டுகள் தொங்குவதைக் கண்டதும் சலசலப்புக் கிளம்பிவிட்டது. "நம்ம வீட்டை யாரோ பிடிச்சுக்கிட்டாங்க!" என்று ஒரு பெண் அழவே ஆரம்பித்தாள். போதகர் கையை உயர்த்தி, விஷயம் அப்படியல்ல என்று விளக்கி, தம்பியை முன்னால் தள்ளினார். அக்கா டப்பாவைத் திறந்தாள்.

"குடுக்கறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்," என்றான் தம்பி. சபையில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவன். சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது. "இந்தப் பதினேழு வீட்டுச் சாவியும் ஒண்ணுதான். ஒண்ணை வச்சு எல்லா வீட்டையும் திறக்கலாம். பெட்டி மாறிப்போச்சு. நேத்துதான் தெரிஞ்சுது. தப்பு என்னோடது. ஒரு வாரம் குடுத்தீங்கன்னா எல்லாத்தையும் மாத்திடறேன். அப்புறம், ஒன்பதாம் வீட்டுக்குள்ள ஒருதடவை போயிருக்கோம். குழாய் ஓடிக்கிட்டு இருந்துச்சு."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒல்லியாக ஒரு மனிதர் வந்தார். நாலாம் வீட்டுத் தையல்காரர்.

"அப்போ ஏழு வாரமா எங்க எல்லார் வீட்டுச் சாவியும் உன் கையில இருந்திருக்கு."

"ஆமாங்க."

"ஜன்னல் வழியா பாத்தேன், என் தையல் மிஷினைக் காணோம். எங்க அது?"

"நாங்க வரும்போதே அது இல்லீங்க."

"எப்படித் தெரியும்? ஒன்பதாம் வீட்டுக்குள்ள மட்டும்தான் போனோம்னு இப்பதானே சொன்னே?"

தம்பி பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பின்னாலிருந்து யாரோ, "போலீஸைக் கூப்பிடுங்கப்பா" என்றார்கள். சாவடிச் சிப்பாய் திரும்பிப் பார்த்தான். தையல்காரர் தம்பியின் தோளைப் பிடித்தார். அந்தப் பிடியில் கோபத்தைவிடப் பறிகொடுத்த வலிதான் அதிகமாக இருந்தது.

அக்கா டப்பாவை போதகர் கையில் கொடுத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"அவன் கையில இல்ல. சாவி என் கையிலதான் இருந்துச்சு, என் அலமாரியில. உங்க வீட்டு மேசையை வாசலிலேர்ந்து பாத்து எழுதினது நான், இதோ நோட்டு. கத்தரிக்கோல் இருக்குன்னு எழுதியிருக்கேன், மிஷின் இல்ல." நோட்டைத் தையல்காரரிடம் நீட்டினாள். "பெட்டி மாறினதும் அவன் தப்பு இல்ல. அடையாளத்துக்குக் கட்டியிருந்த நூலை நான்தான் வெட்டிப் போட்டேன். அழுக்கா இருந்துச்சு, அதனால. நேத்து கேட்டான். எலி கடிச்சிருக்கும்னு பொய் சொன்னேன். திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க."

தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் தவறென்று அவள் வாயால் ஒன்றைச் சொல்லி அவன் கேட்டதில்லை. அதுவும் அறுபது பேருக்கு முன்னால்.

"எலியா?" என்று கூட்டத்தில் யாரோ ஒரு பெண் கேட்டாள். அவள் அடக்கப் பார்த்தும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது.

துணிப்பையைத் தோளில் மாட்டியபடி, குள்ளமான ஒரு அம்மாள் முன்னால் வந்தாள். ஒன்பதாம் வீட்டுக்காரி, ஓய்வு பெற்ற டீச்சர். "குழாயை மூடினது நீங்களா?"

"நாங்கதான் டீச்சர். உள்ளே வந்ததுக்கு மன்னிக்கணும்," என்றாள் அக்கா.

"மன்னிக்கிறதா! ஏழு வாரமா அந்தக் குழாயை நினைச்சு நினைச்சு எனக்குத் தூக்கமே இல்ல. வீடு போனாலும் போகட்டும், தண்ணி போகுதேன்னு." நாலைந்து பேர் சிரித்தார்கள். டீச்சர் தையல்காரர் பக்கம் திரும்பினாள். "அவர் தோளை விடுங்கப்பா. ஒண்ணு கேக்கறேன். திருடினவன் எவனாவது, 'எல்லாக் கதவையும் திறக்கிற சாவி என்கிட்ட இருக்கு'ன்னு வாசல்ல நின்னு கூப்பிட்டுச் சொல்வானா?"

"உங்களுக்குக் குழாய்தான் கவலை டீச்சர். எனக்கு மிஷினே போச்சு. அது என் சோறு."

"போச்சுதான். இல்லன்னு நான் சொல்லல," என்றாள் டீச்சர் குரலைத் தணித்து. "ஆனா கொண்டுபோனவன் இவர் இல்ல."

தையல்காரர் கையை எடுத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. அக்கா டப்பாவிலிருந்து எடுத்து நீட்டிய சாவியை வாங்கிக்கொண்டு, "என் வீட்டுப் பூட்டை மாத்தணும். இன்னைக்கே மாத்தணும்," என்றார்.

"இன்னைக்கே," என்றான் தம்பி. கடையில் பூட்டுக் கையிருப்பு தீர்ந்து வெகுநாளாயிற்று. பழையதைப் பிரித்து மாற்ற அன்று நேரமில்லை. நேரே போய்த் தன் கடைக் கதவில் தொங்கிய பூட்டையே கழற்றிக்கொண்டு வந்து நாலாம் வீட்டில் மாட்டினான். அன்று அவன் கடைக் கதவைக் கம்பி போட்டு முறுக்கிவிட்டு வந்தான். ஊரில் எல்லோருக்கும் பூட்டுப் போடுகிறவன் கடைக்கே பூட்டில்லை என்று கடிகாரக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துவிட்டு, தன் கடைக்கு வெளியே நாற்காலி போட்டு ஊரடங்கு மணி அடிக்கும்வரை காவலுக்கு உட்கார்ந்திருந்தார்.

சொன்னபடி மறுநாளிலிருந்து தம்பி வீடு வீடாகப் போனான். பூட்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் தகடுகளை மாற்றி, புதுச் சாவி வெட்டிக் கொடுத்தான். அக்கா கூடவே போனாள். நாலாம் வீட்டோடு சேர்த்து ஆறு வீடு முடிந்தது. ஒன்பதாம் வீட்டில் டீச்சர் பூட்டைத் தரமாட்டேன் என்றுவிட்டாள்.

"இருக்கட்டும் விடுங்க. நான் ஒத்தையாள். விழுந்து கிடந்தா கதவை உடைக்காம யாராவது வரணுமே. ஏழு வாரம் ஒரே ஹால்ல, நடுவுல போர்வையைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தோம். தெருவுல யார் யார் எந்த ஸ்வரத்துல குறட்டை விடுவாங்கன்னு எனக்கு மனப்பாடம். இனிமே சாவி வேற வேறயா இருந்தா என்ன, ஒண்ணா இருந்தா என்ன? குடியா முழுகிடும்?"

இது தெருவில் பரவியது. ஏழாம் வீட்டுக்காரியும் வேண்டாம் என்றாள், பத்தாம் வீட்டுக்காரரும் வேண்டாம் என்றார். கடைசியில் பதினோரு வீட்டில் அதே பூட்டு, அதே சாவி நின்றுவிட்டது. "இப்படி ஒரு தெருவை நான் பாத்ததில்லை," என்று தம்பி திரும்பத் திரும்பச் சொன்னான். ஒரு பூட்டுக்காரனாக அவனுக்கு அது பொறுக்கவும் இல்லை. அதே நேரத்தில் அவன் முகத்திலிருந்த சிரிப்பும் போகவில்லை.

போதகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தை நிறுத்திவிட்டு நேராகச் சொன்னார்: அந்தத் தெருச் சாமான் யார் வீட்டில் இருந்தாலும் ஆலய வராந்தாவில் கொண்டுவந்து வைத்துவிடுங்கள், யாரும் எதுவும் கேட்கமாட்டோம். இரண்டு நாற்காலியும் ஒரு சுவர்க் கடிகாரமும் ஒரு சைக்கிளும் வந்தன. தையல் மிஷின் வரவில்லை.

அது அக்காவை உறுத்திக்கொண்டே இருந்தது. துணி அறையில் கிழிந்த விரிப்புகளைத் தைக்க ஒரு மிஷின் உண்டு. தைத்துக்கொண்டிருந்தவர் கலவரத்தில் ஊரைவிட்டுப் போனவர் போனவர்தான். மேற்பார்வை நர்ஸிடம் பேசி, நாலாம் வீட்டு வாசலில் போய் நின்றாள். "எங்ககிட்ட மிஷின் இருக்கு, தைக்க ஆள் இல்ல. வர்றீங்களா?"

மூன்றாம் நாள் காலையில் தையல்காரர் கத்தரிக்கோலோடு துணி அறை வாசலில் வந்து நின்றார். முதல் ஒரு மாதம் அவளிடம் அவர் பேசியது 'நூல்', 'ஊசி' இரண்டு வார்த்தைதான். ஆனால் அவர் மடித்துத் தைத்த ஓரத்தை அவள் விரலால் தடவிப் பார்த்தாள். ஓர் இடத்தில்கூடக் கோடு வளையவில்லை. ஆண்டவரே, இப்படி ஒரு கையை இங்கே கொண்டுவந்து சேர்த்தீரே என்று உள்ளுக்குள் ஸ்தோத்திரம் சொன்னாள்.

ஒரு மழை நாள். ஜன்னலுக்கு வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டியது. தையல்காரர் மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"உங்க தம்பி ரொம்ப வேலையா இருக்காரா?"

"ஏங்க, பூட்டு சரியில்லையா?"

"பூட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு." அவர் துணியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நானும் வீட்டுக்காரியும் வேலைக்கு வந்துடறோம். துணி காயப்போடற இடம் வீட்டுக்குப் பின்னால, உள்ளே போய்த்தான் எடுக்கணும். மழை வந்தா எங்க தெருவுல யார் வீட்டுல இருக்காங்களோ அவங்க பக்கத்து வீடுகளைத் திறந்து எல்லார் துணியையும் எடுத்து உள்ளே போட்டுடறாங்க. பூட்டு மாத்தின எங்க வீட்டை யாராலயும் திறக்க முடியல. மூணு தடவை நனைஞ்சிடுச்சு. இப்பவும் நனைஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும்."

அக்கா மடித்த துவாலையைக் கீழே வைத்தாள்.

"அதனால," என்று தையல்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார், "அந்தப் பழைய பூட்டையே மறுபடி போட்டுத் தரச் சொல்லுங்க. அன்னைக்கு அவர்கிட்ட நான் பேசினது... நானே கடைக்கு வந்து சொல்றேன். ஆனா பூட்டை இன்னைக்கே போடணும்."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். மேற்பார்வை நர்ஸிடம் சொல்லிவிட்டு, எண்ணிக்கொண்டிருந்த துவாலைகளை எண்ணியது வரை அப்படியே விட்டுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கினாள். பின்னாலேயே, தலையில் ஒரு விரிப்பைப் போட்டுக்கொண்டு, தையல்காரரும் வந்தார்.